வெள்ளி இரவு வார்டு, சனி காலை செல்லோ



நாங்கள் இருவரும் தாதியர். அழைப்பு வந்தால் திருமணங்களிலும் அடக்க ஆராதனைகளிலும் செல்லோ வாசிக்கிறோம். "இரண்டையும் எப்படிச் சமாளிக்கிறீர்கள், அக்கா?" என்று கேட்கிறீர்கள். சில வாரங்களில் முடிவதில்லை என்பதே உண்மை.

திருமணத்துக்குப் பல மாதம் முன்பே நாள் கேட்பார்கள். எங்கள் பணி அட்டவணையோ சில வாரங்களுக்கு முன்புதான் வரும். ஷிப்ட் மாற்றித்தரச் சொல்லி யாரையாவது கெஞ்சவேண்டும். கை கழுவிக் கழுவி, கம்பியை அழுத்தும் விரல்நுனிகள் வெடித்துவிடும். நகத்தை ஒட்ட வெட்டுவது மட்டும் இரண்டு வேலைக்கும் பொது!

ஒருமுறை வெள்ளி இரவுப் பணி முடித்து, தூங்காமலே சனிக்கிழமைத் திருமணத்தில் வாசித்தோம். மணமகள் உள்ளே வரும்போது இருவரும் ஒரு வரியைத் தவறவிட்டோம். யாரும் கவனிக்கவில்லை. ஆனால் அன்றிரவு மீண்டும் வார்டுக்குப் போகையில் பயம் பிடித்தது. இதே களைப்பில் மருந்தின் அளவைத் தவறவிட்டிருந்தால்? அன்றுமுதல் இரவுப் பணிக்கு மறுநாள் எந்த அழைப்பையும் ஏற்பதில்லை. பணம் குறைந்தது, மனம் அமைதியானது.

ரஷ்யாவின் போரோடின் மருத்துவம் படித்தவர், வேதியியல் பேராசிரியர், செல்லோவும் வாசித்தவர். ஓய்வு கிடைத்தபோதுதான் இசை எழுதினார். 1881இல் அவர் எழுதிய இரண்டாவது தந்தி நால்வர் இசையின் மூன்றாம் பகுதியில் முதலில் பாடுவது செல்லோதான். கேட்டுப் பாருங்கள்.

பல்கலைக்கழகம் போகிறோம் என்று வாத்தியத்தை மூடிவைக்காதீர்கள். தினமும் இருபது நிமிடம் போதும். பெற்றோரே, "படிப்பா, இசையா?" என்று பிள்ளைகளைத் தெரிவுசெய்யச் சொல்லாதீர்கள். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் எங்களிடம் வாருங்கள். தொட்டுப் பார்க்க ஒரு செல்லோ இருக்கும்.