இட்லிப்பூவும் கறிவேப்பிலையும்

வைகையின் வடகரையில் உள்ள செல்லூர், கைத்தறி நெசவுக்குப் பேர்போன பகுதி. சந்துகளில் வீடுகள் ஒன்றோடொன்று ஒட்டி நிற்கும். தோட்டம் போட அங்கே இடமேது என்று கேட்பீர்கள். வெயில் படும் மொட்டைமாடியும் நாலைந்து தொட்டிகளும் போதும். வண்ணத்துப்பூச்சியையும் தேன்சிட்டையும் அங்கேயே வரவழைக்கலாம்.

அமெரிக்கக் கண்டங்களில் ரீங்காரச்சிட்டு என்றொரு பறவை உண்டு. அந்தரத்தில் நின்றபடியே பூவில் தேன் குடிக்கும். முந்நூறுக்கும் மேற்பட்ட இனங்கள் இருந்தும், அவற்றுள் ஒன்றுகூட நம் நாட்டில் இல்லை. இங்கே அந்த வேலையைச் செய்வது தேன்சிட்டு. இரண்டும் நெருங்கிய உறவுப் பறவைகள் அல்ல. ஒரே வகை உணவைத் தேடியதால் நீண்ட அலகும் தேன் உறிஞ்சும் நாக்கும் இரண்டுக்கும் தனித்தனியே அமைந்தன. தேன்சிட்டு சிறிது நேரமே அந்தரத்தில் நிற்கும். கிளையைப் பற்றி உட்கார்ந்து குடிப்பதே அதன் வழக்கம். ஆகவே உட்காரத் தோதான கிளையுள்ள செம்பருத்தி, இட்லிப்பூ போன்ற செடிகள் அதற்கு ஏற்றவை.

மதுரை என்றதும் மல்லி நினைவுக்கு வரும். 2013-இல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஆனால் பகலில் திரியும் வண்ணத்துப்பூச்சிக்கு மல்லியால் அதிகப் பயனில்லை. அது மாலையில் மலரும். அதன் வெண்மையும் மணமும் இரவில் பறக்கும் அந்துப்பூச்சிகளுக்கான அழைப்பு. போதாக்குறைக்கு, மலருமுன்பே மொட்டுகளை நாம் பறித்துவிடுகிறோம்!

வெட்சி எனப்படும் இட்லிப்பூ, தென்னிந்தியாவில் இயல்பாக வளரும் பல்லாண்டுச் செடி. நல்ல வெயில் இருந்தால் ஆண்டின் பெரும்பகுதி பூக்கும். ஒவ்வொரு பூவும் ஓர் அங்குலம் அளவுக்கு நீண்ட மெல்லிய குழல். தேன் அதன் அடியில் இருக்கிறது. குட்டை நாக்குள்ள தேனீக்கு எட்டாது. வண்ணத்துப்பூச்சியோ சுருட்டி வைத்த உறிஞ்சுகுழலை நீட்டி எளிதில் எடுத்துவிடும். பூங்கொத்து கிளையின் நுனியில்தான் தோன்றும். வாடிய கொத்தை இரண்டு இலைகளோடு வெட்டினால், கீழே உறங்கும் பக்க மொட்டுகள் விழித்துக் கிளைகளாகும். ஒரு கொத்து இருந்த இடத்தில் இரண்டு வரும். உப்பான ஆழ்குழாய்க் கிணற்று நீரை ஊற்றினால் இலை வெளுத்து, நரம்பு மட்டும் பச்சையாகத் தெரியும். மண்ணில் இரும்புச்சத்து இருந்தும் வேரால் அதை எடுக்க முடியாத நிலை அது. மட்கிய எருவும் மழைநீரும் உதவும்.

பூ மட்டும் வைத்தால் வண்ணத்துப்பூச்சி வந்து குடித்துவிட்டுப் போய்விடும். அது தங்கிப் பெருக வேண்டுமானால் புழுவுக்கும் உணவு வேண்டும். இங்கேதான் சிக்கல். கறிவேப்பிலையும் எலுமிச்சையும் ஒரே குடும்பச் செடிகள். எலுமிச்சை வண்ணத்துப்பூச்சி அவற்றின் இலையைக் காலால் தட்டி, சுவை பார்த்து, தளிரில் முட்டையிடும். இளம்புழு பறவையின் எச்சம்போலக் கிடக்கும், வளர்ந்தபின் பச்சையாகும். தொட்டுப் பாருங்கள், தலைக்குப் பின்னால் ஆரஞ்சு நிறக் கொம்பை நீட்டி நாற்றம் வீசும். ‘ஐயோ, பூச்சி விழுந்துவிட்டதே’ என்று வீட்டார் மருந்தடிப்பார்கள். எந்த வண்ணத்துப்பூச்சிக்காகப் பூச்செடி வைத்தார்களோ, அதையே கொல்கிறோம் என்பது பலருக்குத் தெரிவதில்லை. நட்டம் அத்தோடு நிற்பதுமில்லை. தேன்சிட்டு தன் குஞ்சுகளுக்குத் தேனைவிடப் பூச்சிகளையும் சிலந்திகளையுமே மிகுதியாக ஊட்டுகிறது.

சமையலுக்கு ஒரு கறிவேப்பிலை, புழுவுக்கு ஒன்று என இரண்டு தொட்டிகள் வைத்து, முதல் செடியில் காணும் புழுக்களை இலையோடு இரண்டாவதற்கு மாற்றிவிடுங்கள். எங்கள் வீட்டுச் சண்டை இப்படித்தான் தீர்ந்தது! முட்டை கண்ட நாளைக் குறித்து வைத்தால், ஏறக்குறைய ஒரு மாதத்தில் வண்ணத்துப்பூச்சி வெளிவருவதைக் காணலாம். கூட்டுப்புழு இடுப்பில் பட்டுநூல் கட்டிக் குச்சியில் சாய்ந்திருக்கும். பெரும்பாலும் காலையில்தான் கூடு பிளக்கும். கசங்கிய சிறகு விரிந்து உலரும்வரை அதைத் தொட வேண்டாம்.