நச்சுக் காற்றும் விமானியின் முகமூடியும்

போர் விமானி பல ஆயிரம் அடி உயரத்தில் பறக்கிறவர். தரையில் பரவும் நச்சுக் காற்று அவரை என்ன செய்துவிடும் என்று நாம் எண்ணலாம். ஆனால் விமானம் தரையிலிருந்துதான் கிளம்புகிறது, தரைக்கே திரும்புகிறது. எதிரி விமானத் தளத்தின்மேல் நச்சைத் தூவிவிட்டால், விமானத்தை நோக்கி நடக்கும் சில நிமிடங்களே ஆபத்தாகிவிடும். உடையிலும் காலணியிலும் ஒட்டிய துளிகள், விமானத்துக்குள் போன பிறகும் ஆவியாகிக்கொண்டே இருக்கும்.

இந்த நச்சுகளில் கொடியவை நரம்பைத் தாக்குபவை. 1936-ஆம் ஆண்டில் ஜெர்மனியில் கெர்ஹார்ட் ஷ்ராடர் என்ற வேதியியலாளர் பூச்சிமருந்து தேடி ஆராய்ந்தபோதுதான் ‘டபுன்’ என்ற நரம்பு நச்சைக் கண்டார். அதன் மிகச் சிறு அளவே அவருடைய கண்மணியைச் சுருக்கிப் பார்வையை மங்கச் செய்தது. 1988-ஆம் ஆண்டு மார்ச்சு 16-இல் ஈராக்கின் ஹலப்ஜா நகரின்மேல் நச்சுக் குண்டுகள் வீசப்பட்டு, ஆயிரக்கணக்கான மக்கள் மாண்டனர். மாலத்தியான் போன்ற பூச்சிமருந்துகளும் டபுனின் குடும்பத்தைச் சேர்ந்தவையே; வேகம் மட்டும் மிகக் குறைவு. பார்வை மங்கிய விமானிக்கு ஓடுபாதை தெரியாது. ஆகவே அவருக்கு முகமூடி உயிர்க்கவசம்.

பிரிட்டிஷ் விமானப்படையினர் அணிந்த ‘ஏ.ஆர்.5’ என்ற முகமூடியை எடுத்துக்கொள்வோம். அது தலை முழுவதையும் மூடும் ரப்பர் உறை. அதன்மேல் தலைக்கவசம் அணிய வேண்டும். விமானத்துக்கு நடந்து போகையில், சிறு காற்றூதிப் பெட்டியைக் கையில் தூக்கிச் செல்வார்கள். வடிகட்டிய காற்றை அது உள்ளே ஊதும். கண்ணாடியில் நீராவி படியாது. எங்கேனும் சிறு இடுக்கு இருந்தாலும் காற்று வெளியே தள்ளுமேயன்றி நச்சு எளிதில் உள்ளே புகாது.

இத்தகைய முகமூடியை எப்படிச் சோதிக்கிறார்கள்? சோதனை இரண்டு வகைப்படும்.

முதலாவது, வடிகட்டிக்குரியது. வடிகட்டியின் உள்ளே இருப்பது பக்குவப்படுத்திய கரி. ஒரு கிராம் கரியில் உள்ள நுண்துளைகளின் பரப்பை விரித்தால் பல நூறு சதுர மீட்டர் வரும். அந்தப் பரப்பில் நச்சு ஆவி ஒட்டிக்கொள்கிறது. இயந்திரத்தின் மூலம் ஆவியைச் செலுத்தி, மறுபக்கம் அது எத்தனை நிமிடத்தில் கசிகிறது என்று அளப்பார்கள். இடம் நிரம்பிவிட்டால் கரியால் பயனில்லை.

இரண்டாவது, முகத்துக்குரியது. இதுவே முக்கியமானது. அமெரிக்க இராணுவத்தின் சோதனைக் கூடங்களில் ஓர் அறையில் சோள எண்ணெயை மிக நுண்ணிய பனிபோல நிரப்புவார்கள். மனிதர்மேல் உண்மை நச்சைச் செலுத்த முடியாதல்லவா? முகமூடி அணிந்தவர் உள்ளே நின்று ஆழ மூச்சு விடுவார், தலையை இடமும் வலமும் திருப்புவார், மேலும் கீழும் பார்ப்பார், உரக்கப் பேசுவார். ஒரு குழாய் முகமூடிக்குள் உள்ள காற்றை எடுத்து அளக்கும். வெளியே பத்தாயிரம் பங்கும் உள்ளே ஒரு பங்கும் இருந்தால், காப்பு அளவு 10,000 ஆகும். அந்த எண் குறைந்தால், அந்த அளவு முகமூடி அந்த முகத்துக்கு ஆகாது.

இன்னோர் எளிய சோதனையும் உண்டு. வாழைப்பழ மணமுள்ள ஒரு திரவத்தின் ஆவியைப் பரப்பி, அணிந்தவரிடம் “வாசனை வருகிறதா?” என்று கேட்பார்கள். வந்தால் இடுக்கு இருக்கிறது என்று பொருள். உடல்வலித் தைலங்களில் சேரும் மெத்தில் சாலிசிலேட் என்ற பொருளையும், கொப்புளம் உண்டாக்கும் நச்சுக்குப் பதிலாக இவ்வகைச் சோதனைகளில் பயன்படுத்துகிறார்கள்.

இச்சோதனைகள் காட்டும் உண்மை ஒன்றே. விலையுயர்ந்த முகமூடியாயினும், முகத்தோடு பொருந்தாவிட்டால் காக்காது. ஒருநாள் தாடி கூட விளிம்பில் இடுக்கு உண்டாக்கும்.

இது தோட்டத்தில் மருந்து அடிப்போருக்கும் பொருந்தும். மூக்கில் கட்டிய துணி ஆவியைத் தடுக்காது. நனைந்துவிட்டாலோ, மருந்தை வாயருகிலேயே பிடித்து வைக்கும். வடிகட்டி உள்ள முகமூடி கொடுத்தால், அணிந்ததும் வடிகட்டியை உள்ளங்கையால் மூடி மெல்ல மூச்சை இழுத்துப் பாருங்கள். முகமூடி முகத்தோடு ஒட்டி நின்றால் பொருத்தம். ஓரத்தில் காற்று புகுந்தால் வாரை இறுக்குங்கள். அப்போதும் புகுந்தால் வேறு அளவு கேளுங்கள். பெண்களின் முகம் பெரும்பாலும் சிறியது. ஆண்களின் முகமூடி அவர்களுக்குப் பொருந்தும் என்று எண்ண வேண்டாம். பழைய வடிகட்டியைக் கழுவி மீண்டும் பயன்படுத்துவதும் கூடாது. மருந்து தோல் வழியாகவும் உடலில் ஏறுமாதலால், வேலை உடையைப் பிள்ளைகளின் துணியோடு சேர்த்துத் துவைக்காதீர்கள்.

விமானிக்கு முகமூடியைப் பொருத்திப் பார்த்த பிறகே ஆபத்துள்ள இடத்துக்கு அனுப்புகிறார்கள். மருந்துத் தோம்பைத் தோளில் ஏற்றுபவருக்கும் அதே முறையைக் கேட்பது தவறல்ல. அது நம் உரிமை.