முற்றத்து மண்ணில் ஈயம்

2010-ஆம் ஆண்டு நைஜீரியாவின் ஸம்ஃபாரா மாநிலத்தில் குழந்தைகள் வலிப்பு கண்டு இறந்துகொண்டிருந்தார்கள். தங்கம் எடுப்பதற்காக ஊர்மக்கள் வீட்டு முற்றத்திலேயே தாதுக்கல்லை இடித்துப் பொடியாக்கி வந்தார்கள். அந்தக் கல்லில் ஈயம் மிகுதி. பொடி முற்றத்தில் படிந்தது. குழந்தைகள் தவழ்ந்ததும் அங்கேதான். நானூறுக்கும் மேற்பட்ட பிள்ளைகளை அந்த நஞ்சு கொன்றது.

எந்த முற்றத்தில் ஈயம் இருக்கிறது? பார்த்தால் எல்லாம் ஒரே செம்மண். மாதிரிகளை ஆய்வகத்துக்கு அனுப்பிக் காத்திருக்க அவகாசம் இல்லை. ஆய்வாளர்கள் கொண்டுவந்தது துப்பாக்கி வடிவிலான ஒரு கையடக்கக் கருவி. முனையைத் தரையில் வைத்து விசையை அழுத்தினால், ஓரிரு நிமிடத்தில் திரையில் ஈயத்தின் அளவு தெரிந்துவிடும்.

கருவியிலிருந்து பாயும் எக்ஸ் கதிர், மண்ணிலுள்ள அணுவின் உள்கூட்டு எலெக்ட்ரான் ஒன்றைத் தட்டி வெளியேற்றுகிறது. காலியான இடத்துக்கு வெளிக்கூட்டு எலெக்ட்ரான் இறங்குகிறது. அப்போது மிஞ்சும் ஆற்றல் இன்னொரு எக்ஸ் கதிராகத் திரும்பி வருகிறது. இந்த ஆற்றல் தனிமத்துக்குத் தனிமம் வேறுபடும். அது அணு எண்ணைப் பொறுத்து ஒழுங்காக மாறுவதை 1913-இல் காட்டியவர் ஹென்றி மோஸ்லி. திரும்பும் கதிரின் ஆற்றல் எந்தத் தனிமம் என்று சொல்கிறது. அத்தகைய கதிர்கள் எத்தனை என்பது அதன் அளவைச் சொல்கிறது.

சிக்கலும் உண்டு. ஈயத்தின் முதன்மைக் கதிர் 10.55 கிலோ எலெக்ட்ரான் வோல்ட், ஆர்செனிக்கினுடையது 10.54. இரண்டும் கலந்த மண்ணில் இவற்றைப் பிரித்தறிய முடியாது என்பதால், ஈயத்துக்கு 12.6-இல் உள்ள மற்றொரு கதிரை நம்ப வேண்டியிருக்கிறது. மண் ஈரமாக இருந்தால் அளவு குறைவாகக் காட்டும். ஆகவே சில மாதிரிகளையாவது ஆய்வகத்தில் சரிபார்ப்பது கட்டாயம்.

மண்ணுக்குள் சில மில்லிமீட்டருக்குக் கீழே இருப்பதைக் கருவி அறியாது. சுரங்கம் தேடுபவருக்கு இது பெருங்குறை. ஆனால் குழந்தையின் கையில் ஒட்டி வாய்க்குப் போவது அந்த மேற்பரப்புத் தூசிதானே! ஸம்ஃபாராவில் அளக்க வேண்டியிருந்ததும் அதைத்தான்.

குழந்தைகள் விளையாடும் மண்ணுக்கு அமெரிக்கா அன்று வகுத்திருந்த வரம்பு பத்து லட்சத்தில் 400 பங்கு ஈயம். ஸம்ஃபாராவின் சில இடங்களில் ஒரு லட்சத்தைத் தாண்டியது, அதாவது மண்ணில் பத்தில் ஒரு பங்குக்கும் மேல் ஈயம். அத்தகைய முற்றங்களில் மேல்மண்ணைச் சுரண்டி அகற்றி, நல்ல மண் பரப்பினார்கள். பெரிய ஊரான பகேகாவுக்கு அந்த வேலை வந்து சேர 2013 ஆயிற்று. இடைப்பட்ட காலமெல்லாம் அங்கே பிள்ளைகள் அதே மண்ணில்தான் விளையாடினார்கள்.