கடல் கடந்த கட்டங்கள்

சாயல்குடி வீட்டு முற்றங்களில், கொடியில் காயும் கட்டம் போட்ட கைலியை அன்றாடம் காண்கிறீர்கள். அந்தக் கட்டங்கள் அயல்நாட்டு உடையலங்காரத்தையே மாற்றிய கதையை அறிவீர்களா?

கைலியின் உறவான மெட்ராஸ் கைத்தறித் துணி நைஜீரியாவுக்குச் சென்றது. அங்கே கலபாரி இனப் பெண்கள், தேர்ந்தெடுத்த நூல்களை மட்டும் பிளேடால் அறுத்து உருவி, அதே துணியில் புதுக் கோலம் படைத்தனர். நம் கட்டத்தின்மேல் அவர்களின் கைவண்ணம்!

1958இல் இத்துணி அமெரிக்கக் கடைகளில் விற்கப்பட்டது. துவைத்ததும் சாயம் கரைந்தது, வாங்கியோர் சினந்தனர். வணிகர்களோ சளைக்கவில்லை. சாயம் போவதே இதன் சிறப்பு என்று விளம்பரம் செய்தனர்! குறையே நாகரிகமாயிற்று.

மெட்ராஸ் என்னும் ஊர்ப்பெயர் நிலைத்தது. நெய்தவர் பெயர் நிலைக்கவில்லை. இன்று அதே கட்டங்களை விசைத்தறியும் நெய்கிறது. சகோதரிகளே, பெருநாளுக்குக் கைலி எடுக்கும்போது, அதில் கைத்தறி முத்திரை இருக்கிறதா என்று கடைக்காரரிடம் கேளுங்கள்.