காணாமல் போனவரை செல்போன் காட்டிக் கொடுக்குமா? சந்தேகங்களும் விளக்கங்களும்

வர வேண்டிய நேரம் தாண்டியும் ஆள் வரவில்லை. போன் போட்டால் 'சுவிட்ச் ஆஃப்' என்கிறது. 'டவரை வைத்து போலீஸ் கண்டுபிடித்துவிட மாட்டார்களா?' என்றுதான் எந்த வீட்டிலும் முதலில் கேட்பார்கள். பல வழக்குகளில் அப்படிக் கண்டுபிடித்தும் இருக்கிறார்கள். ஆனால் பதற்றத்தில் வீட்டார் செய்கிற சில காரியங்களே அந்தத் தடத்தை அழித்துவிடுகின்றன. அதனால்தான் இந்த விளக்கங்கள்.

24 மணி நேரம் கழித்துத்தான் புகார் கொடுக்க வேண்டுமா?

இல்லை. அப்படி எந்தச் சட்டமும் கிடையாது. சந்தேகம் வந்த உடனே ஸ்டேஷனுக்குப் போகலாம், 112-ஐ அழைக்கலாம். காணாமல் போனது 18 வயதுக்கு உட்பட்டவர் என்றால் எஃப்ஐஆர் போட்டே ஆக வேண்டும், கடத்தலாக இருக்கலாம் என்ற கோணத்திலேயே விசாரிக்க வேண்டும் என்று 2013-ல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டிருக்கிறது. 'நாளைக்குப் பார்க்கலாம்' என்று யார் சொன்னாலும் ஒத்துக்கொள்ளாதீர்கள். பேட்டரி அதுவரை தாங்காது.

போலீஸ் வாங்கும் 'சிடிஆர்' என்பது என்ன? பேசியதெல்லாம் அதில் கேட்குமா?

கேட்காது. அது குரல் பதிவு அல்ல, ஒரு பட்டியல். எந்த எண்ணிலிருந்து எந்த எண்ணுக்கு, என்ன தேதி, எத்தனை மணி, எத்தனை விநாடி, அழைப்பு தொடங்கியபோது எந்த டவர், முடிந்தபோது எந்த டவர், போனின் அடையாள எண்ணான ஐஎம்இஐ என்ன என்று வரிசையாக இருக்கும்.

விஷயம் தெரிந்த அதிகாரி அந்த வரிகளிலிருந்து நிறைய எடுப்பார். தாம்பரத்தில் வீட்டைவிட்டுக் கிளம்பிய ஒரு முதியவரை உதாரணமாக வைத்துக்கொள்வோம். ஓர் அழைப்பு செங்கல்பட்டு டவரில் தொடங்கி அதற்கு அடுத்த டவரில் முடிகிறது. அப்படியானால் பேசும்போது அவர் நகர்ந்துகொண்டிருந்தார். அடுத்த அழைப்பு திண்டிவனத்தில் பதிவாகிறது. தெற்கே போகிறார் என்பது உறுதி. ஆனால் பஸ்ஸிலா, ரயிலிலா? அந்தப் பாதையில் தண்டவாளமும் நெடுஞ்சாலையும் பெரும்பாலும் பக்கம் பக்கமாகவே போகின்றன. எனவே அழைப்பு நேரங்களை ரயில் நேரத்தோடு ஒத்துப்பார்ப்பார்கள். பொருந்தினால் ரயில் ஸ்டேஷன் சிசிடிவி. பொருந்தாவிட்டால் பரனூர் சுங்கச்சாவடி கேமரா. இப்படி, அடுத்து எங்கே தேடுவது என்பதைப் பட்டியல் சொல்லும். ஆளைக் கண்டுபிடிப்பது அதற்குப் பிறகு காலால் நடந்து செய்யும் வேலை.

டவர் தெரிந்தால் வீடே தெரிந்த மாதிரிதானே?

சினிமாவில்தான் வரைபடத்தில் சிவப்புப் புள்ளி துல்லியமாகத் துடிக்கும். நகரத்தில் ஒரு டவரின் வீச்சு சில நூறு மீட்டர் இருக்கலாம். கிராமப்புறத்தில் பல கிலோமீட்டர். பெரும்பாலான டவர்களில் மூன்று திசைகளுக்கு மூன்று பிரிவுகள் இருப்பதால் எந்தப் பக்கம் என்பது ஓரளவு தெரியும், அவ்வளவுதான். நெரிசலில் பக்கத்து டவரை விட்டுவிட்டு தள்ளியிருக்கும் டவரை போன் பிடிப்பதும் உண்டு. இன்னொன்று, பதிவு காட்டுவது போன் இருந்த இடத்தை. போன் திருடு போயிருந்தாலோ பஸ்ஸில் விழுந்திருந்தாலோ ஆள் வேறெங்கோ இருப்பார்.

சுவிட்ச் ஆஃப் ஆகிவிட்டால் எல்லாம் முடிந்ததா?

முடியவில்லை. கடைசியாக எந்த டவரோடு தொடர்பில் இருந்தது என்பது நெட்வொர்க்கில் இருக்கும். ஆனால் அந்தத் தகவல் அதிக நாள் தங்காது. அதே போனில் வேறு சிம் போட்டால் ஐஎம்இஐ எண்ணை வைத்துப் புது எண்ணைக் கண்டுபிடிக்க முடியும். அந்த 15 இலக்க எண் போன் வாங்கிய பெட்டியிலும் பெரும்பாலும் பில்லிலும் இருக்கும். புகாரோடு அதையும் கொடுங்கள்.

அவருடைய எண்ணுக்கு டூப்ளிகேட் சிம் வாங்கினால், யார் அழைக்கிறார்கள் என்று நாங்களே பார்க்கலாமே?

தயவுசெய்து வேண்டாம். புது சிம் உயிர்பெற்ற கணமே அவர் கையிலுள்ள பழைய சிம் செத்துவிடும். அதன்பிறகு அவர் போனை ஆன் செய்தாலும் அந்த எண் உங்கள் வீட்டு டவரைத்தான் காட்டும். நல்ல எண்ணத்தில் செய்வதுதான், ஆனால் விசாரணைக்கு இதைவிடப் பெரிய இடைஞ்சல் இல்லை. மாறாக, அந்த எண்ணுக்கு ரீசார்ஜ் முடிந்துபோகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். நிமிடத்துக்கு ஒருமுறை அழைத்து அவருடைய பேட்டரியைத் தீர்க்காதீர்கள். வீட்டு கம்ப்யூட்டரில் அவருடைய ஜிமெயில் திறந்திருந்தால் லாக் அவுட் செய்யாமல் போலீசிடம் காட்டுங்கள்.

வாட்ஸ்அப் அழைப்புகள் சிடிஆரில் வருமா?

வராது. டேட்டா பயன்பாட்டுப் பதிவை தனியாகக் கேட்டு வாங்க வேண்டும்.

பழைய வழக்குக்கும் சிடிஆர் கிடைக்குமா?

குறைந்தது இரண்டு ஆண்டுகள் பதிவுகளை வைத்திருக்க வேண்டும் என்று 2021 டிசம்பரில் தொலைத்தொடர்பு நிறுவனங்களின் உரிம விதி திருத்தப்பட்டது. அதற்கு முன்பு ஓராண்டுதான். இரண்டு ஆண்டுகள் தாண்டினால் கிடைக்கும் என்ற உறுதி இல்லை.

செல்போன் கம்பெனியில் சிடிஆரை நாங்களே கேட்டு வாங்க முடியாதா?

முடியாது. பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா 94-வது பிரிவின்படி போலீசோ நீதிமன்றமோதான் கேட்க முடியும். போலீஸ் கேட்பதற்கும் எஸ்.பி. நிலை அதிகாரியின் ஒப்புதல் வேண்டும். இந்தக் கட்டுப்பாடு தேவையானதுதான். வன்முறைக்குப் பயந்து வீட்டைவிட்டு வந்த பெண்ணின் இருப்பிடம் கணவன் கையில் கிடைத்தால் என்ன ஆகும்? வயது வந்தவர் விருப்பத்தோடு போயிருந்தால், நலமாக இருப்பதை உறுதி செய்துவிட்டு, முகவரியைச் சொல்லாமலே போலீஸ் வழக்கை முடிக்கலாம். 'பணம் கொடுங்கள், சிடிஆர் எடுத்துத் தருகிறேன்' என்று வரும் தனியார் துப்பறிவாளரை நம்பாதீர்கள். அது குற்றம், அப்படி விற்றவர்கள் கைதாகியும் இருக்கிறார்கள்.

போலீஸ் இன்னும் பதிவுகளைக் கேட்கவே இல்லை என்றால்?

எஃப்ஐஆர் எண், செல்போன் எண், ஐஎம்இஐ மூன்றையும் குறிப்பிட்டு, பதிவுகளை உடனே பெற வேண்டும் என்று எஸ்.பி.யிடமோ கமிஷனரிடமோ எழுத்துமூலம் மனு கொடுத்து ரசீது வாங்குங்கள். யாரோ அடைத்து வைத்திருப்பதாகச் சந்தேகிக்கக் காரணம் இருந்தால் சென்னை உயர் நீதிமன்றத்திலோ மதுரைக் கிளையிலோ ஆட்கொணர்வு மனு போடலாம். வெறுமனே காணவில்லை என்பதற்கு அந்த மனு எப்போதும் ஏற்கப்படுவதில்லை என்பதால், சந்தேகத்துக்கான காரணத்தை மனுவில் தெளிவாக எழுத வேண்டும்.