பதில் சொல்லும் இணையப் பக்கங்கள்

அச்சிட்ட பக்கம் நாம் கேட்கும் கேள்விக்கு அந்தந்த நேரத்தில் பதில் சொல்வதில்லை. தனி ஊசலின் நீளம் கூடினால் அலைவு நேரமும் கூடும் என்று இயற்பியல் நூல் சூத்திரமாகச் சொல்லும். ஆனால் ‘நீளத்தை 40 சென்டிமீட்டர் ஆக்கி ஆட்டிக் காட்டு’ என்று அந்நூலிடம் கேட்க முடியாது. இணையப் பக்கத்திடம் கேட்கலாம். குமிழை இழுத்தால் நீளம் மாறும், ஊசல் ஆடும், 1.27 வினாடி என்று விடையும் தோன்றும். படிப்பவர் செய்வதற்கு ஏற்ப உடனே மறுமொழி தரும் இத்தகைய பக்கங்கள் எவ்வாறு இயங்குகின்றன, அவற்றை ஆக்க என்னென்ன கருவிகள் உள்ளன, அவற்றுள் எதைத் தேர்ந்தெடுப்பது என்பனவற்றை இக்கட்டுரையில் விளக்க முற்படுகிறேன்.

கணிப்பொறியியல் பயிலும் மாணவன் என்ற முறையில், இந்த ஊசல் பக்கத்தையே வெவ்வேறு கருவிகளைக் கொண்டு மீண்டும் மீண்டும் செய்து பார்த்தேன். பொருள் ஒன்றாகவே இருந்தால்தான் கருவிகளின் வேறுபாடு தெரியும் என்பதே காரணம்.

பதில் சொல்லத் தொடங்கிய வரலாறு

சுவிட்சர்லாந்தின் ஜெனிவா நகரை அடுத்துள்ள செர்ன் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய டிம் பெர்னர்ஸ்-லீ, உலகளாவிய வலைக்கான திட்டத்தை 1989-ஆம் ஆண்டு எழுதினார். 1991-இல் அது வெளியாருக்குத் திறந்துவிடப்பட்டது. அக்காலப் பக்கங்களில் எழுத்தும் இணைப்பும் மட்டுமே இருந்தன. இணைப்பைத் தொட்டால் இன்னொரு பக்கம் வரும், அவ்வளவே. பின்னர்ப் படிவங்கள் வந்தன. படிவத்தை நிரப்பி அனுப்பினால் தொலைவிலுள்ள சர்வர் கணக்கிட்டு முழுப் பக்கத்தையும் புதிதாக அனுப்பும். ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு கடிதம் எழுதிப் பதிலுக்குக் காத்திருப்பது போன்றது இம்முறை.

இக்காத்திருப்பைப் போக்கியது ஜாவாஸ்கிரிப்ட். 1995-ஆம் ஆண்டு மே மாதம் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பிரெண்டன் ஐக் என்பவர் இதன் முதல் வடிவத்தைப் பத்தே நாட்களில் எழுதி முடித்தார். நிரல் பக்கத்தோடு சேர்ந்தே வந்துவிடுவதால், கணக்கைப் படிப்பவரின் உலாவியே போட்டுவிடுகிறது. 1997-இல் இம்மொழிக்குப் பொதுத்தரம் வகுக்கப்பட்டது. அதன் பின் அது ஒரு நிறுவனத்தின் தனிச்சொத்தாக இல்லாமல், எல்லா உலாவிகளுக்கும் பொதுமொழியாயிற்று.

இயங்கும் முறை

பதில் சொல்லும் பக்கத்திற்கு மூன்று மொழிகள் வேண்டும். எச்.டி.எம்.எல். பக்கத்தில் என்னென்ன உள்ளன என்று சொல்கிறது, சி.எஸ்.எஸ். அவை எவ்வாறு தோன்ற வேண்டும் என்று சொல்கிறது. ஜாவாஸ்கிரிப்ட் எப்போது என்ன நிகழ வேண்டும் என்று சொல்கிறது.

உலாவி எச்.டி.எம்.எல். வரிகளைப் படித்ததும் அவற்றை ஒரு கிளைமரமாக அமைத்துக்கொள்கிறது. பக்கம் அடிமரம்; தலைப்பு, பத்தி, பொத்தான் ஆகியவை கிளைகள். படிப்பவர் குமிழை இழுத்தவுடன் ‘இங்கே ஒரு நிகழ்ச்சி நடந்தது’ என்று உலாவி நம் நிரலுக்கு அறிவிக்கிறது. நிரல் புதிய நீளத்தை எடுத்துக் கணக்கிட்டு, விடை இருக்க வேண்டிய கிளையை மட்டும் மாற்றுகிறது. உலாவி அப்பகுதியைத் திரையில் திரும்ப வரைகிறது. நிகழ்ச்சி, கணக்கு, மாற்றம் என்னும் இம்மூன்று படிகளே எல்லாக் கருவிகளுக்கும் அடிப்படை. எத்தனை புதிய பெயர்கள் வந்தாலும் உள்ளே நடப்பது இதுதான்.

ஊசலை ஆட்டுவதற்கு இன்னொன்றும் வேண்டும். திரை தன்னைப் புதுப்பிக்கும் ஒவ்வொரு முறையும் நம் நிரலை அழைக்குமாறு உலாவியிடம் கேட்டுக்கொள்ளலாம். பல திரைகள் வினாடிக்கு 60 முறை புதுப்பிக்கின்றன. சில புதிய கைப்பேசிகள் 120 முறை புதுப்பிக்கின்றன. இங்கே மிகுந்த கவனம் தேவை. ‘ஒவ்வோர் அழைப்புக்கும் இவ்வளவு நகர்’ என்று எழுதினால், ஒரே ஊசல் சில கைப்பேசிகளில் இரு மடங்கு வேகமாக ஆடும். ‘தொடங்கி எத்தனை வினாடி கழிந்தது’ என்று கடிகாரத்தைக் கேட்டு, அதிலிருந்து ஊசலின் இடத்தைக் கணக்கிட்டால் எல்லாத் திரையிலும் சரியாக ஆடும்.

அதேபோல், நாம் பயன்படுத்தும் எளிய சூத்திரம் சிறிய கோணத்தில் ஆடும் ஊசலுக்கே பொருந்தும். 60 பாகை விலக்கி விட்டால் உண்மையான அலைவு நேரம் சூத்திரம் தருவதைவிட ஏறக்குறைய 7 விழுக்காடு கூடும். திரையில் ஊசலைப் பெரிதாக ஆடவிட்டு, பக்கத்தில் எளிய சூத்திரத்தின் விடையைக் காட்டும் பக்கம், அழகாக இருப்பினும் தவறான பாடத்தையே கற்பிக்கிறது. இத்தவற்றை எந்தக் கருவியும் சுட்டிக்காட்டாது. பாடம் தெரிந்தவரே கண்டுபிடிக்க முடியும்.

மறைந்த கருவிகள்

1990-களின் பிற்பகுதியில் அசையும் பக்கம் என்றாலே இரண்டு பெயர்கள்தாம் முன்னிற்கும்: ஜாவா ஆப்லெட், ஃபிளாஷ். இரண்டும் பக்கத்தின் மூன்று அடிப்படை மொழிகளுக்கு வெளியே நின்ற தனிக் கருவிகள். குறிப்பாக ஃபிளாஷ், படம் வரையத் தெரிந்தவர் எவரும் பயன்படுத்தும்படி இருந்ததால், விளையாட்டுகளும் பாடங்களும் கணக்கின்றி அதில் ஆக்கப்பட்டன.

ஆயின் அது ஒரே நிறுவனத்தின் கையில் இருந்தது. 2007-இல் வந்த ஐபோன் அதை ஏற்கவில்லை. 2017-இல், ஃபிளாஷை நிறுத்தப்போவதாக அடோபி நிறுவனமே அறிவித்தது. 2020 டிசம்பர் 31-ஆம் நாளோடு ஆதரவு முடிந்தது; 2021 ஜனவரி 12 முதல் ஃபிளாஷ் இயக்கி தானே படைப்புகளை ஓட்ட மறுத்தது. பல்லாண்டு உழைப்பு ஒரு தேதியில் திறவாமற் போயிற்று. இணைய ஆவணக் காப்பகம் போன்றவை போலி இயக்கிகளின் துணையால் ஒரு பகுதியைக் காத்து வருகின்றன என்பது ஆறுதல்.

கல்வித்துறையில் இதன் விளைவுக்கு ஓர் எடுத்துக்காட்டு உண்டு. நோபல் பரிசு பெற்ற இயற்பியலறிஞர் கார்ல் வைமன் 2002-ஆம் ஆண்டு அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில் ‘ஃபெட்’ என்னும் திட்டத்தைத் தொடங்கினார். மின்சுற்று, ஊசல், வாயு விதிகள் முதலியவற்றை மாணவர் தாமே மாற்றிப் பார்த்துக் கற்பதற்கான பக்கங்கள் அவை. தொடக்கத்தில் அவை ஜாவாவிலும் ஃபிளாஷிலும் எழுதப்பட்டன. உலாவிகள் இவ்விரண்டையும் கைவிடத் தொடங்கியபின், அப்பாடங்களை ஒவ்வொன்றாக எச்.டி.எம்.எல்.5-இல் மாற்றி எழுத வேண்டியதாயிற்று. பெரிய பல்கலைக்கழகத்தால் அது முடிந்தது. தனியாசிரியர் ஒருவர் தம் வகுப்பிற்காக ஃபிளாஷில் செய்துவைத்த பாடத்தை மாற்றி எழுத யார் வருவார்?

இதற்கு நேர்மாறான செய்தி ஒன்றும் உண்டு. உலகின் முதல் இணையதளத்தின் பழைய பிரதியைச் செர்ன் ஆய்வுக்கூடம் 2013-இல் அதன் பழைய முகவரியிலேயே மீண்டும் வைத்தது. வெறும் எச்.டி.எம்.எல்.-இல் எழுதப்பட்ட அப்பக்கம் இன்றைய கைப்பேசியிலும் தடையின்றித் திறக்கிறது. பொதுத்தரத்தில் எழுதப்பட்டது நிலைத்தது. தனியொரு நிறுவனத்தின் கருவியில் எழுதப்பட்டது அந்நிறுவனத்தின் முடிவோடு முடிந்தது.

தமிழ்ப் பக்கங்களும் இப்பாடத்தை அறியும். 1990-களில் ஒவ்வொரு தளமும் தனக்கெனத் தனி எழுத்துருக் குறியீட்டை வைத்துக்கொண்டது. அந்த எழுத்துரு இல்லாத கணிப்பொறியில் அப்பக்கங்கள் பொருளற்ற குறிகளாகவே தெரியும். யூனிகோடு என்னும் பொதுக்குறியீடு பரவிய பின்னரே தமிழ் எல்லாக் கணிப்பொறியிலும் தமிழாகத் தெரிந்தது.

இன்றைய கருவிகள்

2006-இல் ஜான் ரெசிக் வெளியிட்ட ஜேகுவரி, அக்காலத்தில் உலாவிக்கு உலாவி மாறுபட்ட நடத்தையை ஒன்றாக்கிக் காட்டியது. இன்று உலாவிகளே பெரும்பாலும் ஒத்துப்போவதால் அதன் தேவை குறைந்துவிட்டது. ஃபேஸ்புக் நிறுவனம் 2013-இல் ரியாக்ட் என்னும் கருவியை வெளியிட்டது. இவான் யூ 2014-இல் வியூ என்னும் கருவியையும், ரிச் ஹாரிஸ் 2016-இல் ஸ்வெல்ட் என்னும் கருவியையும் தந்தனர். இம்மூன்றின் நிரலும் யாவரும் எடுத்தாளத்தக்க திறந்த நிரலாகும்.

இவற்றின் பயன் யாது? அகமதிப்பீட்டு மதிப்பெண் பட்டியலை எண்ணிப் பாருங்கள். ஒரு மாணவரின் ஒரு மதிப்பெண்ணைத் திருத்தினால் அவருடைய மொத்தம், வகுப்பின் சராசரி, தேர்ச்சி பெற்றோர் எண்ணிக்கை ஆகிய அனைத்தையும் திருத்த வேண்டும். கையால் எழுதும் நிரலில் ஏதேனும் ஒன்று விடுபட்டால் பட்டியல் முன்னுக்குப்பின் முரணாகும். ரியாக்ட் போன்ற கருவிகளில், மதிப்பெண்களை ஓரிடத்தில் மட்டும் வைத்து, ‘மதிப்பெண் இவ்வாறிருந்தால் திரை இவ்வாறிருக்க வேண்டும்’ என்று எழுதினால் போதும். மதிப்பெண் மாறும்போது திரையில் எவை மாற வேண்டும் என்பதைக் கருவியே பார்த்துக்கொள்ளும்.

ஊசல் பக்கத்தில் ஒரு குமிழ், ஒரு விடை, ஒரு படம். இதனை வெறும் ஜாவாஸ்கிரிப்டில் ஏறக்குறைய ஐம்பது வரிகளில் எழுதிவிட்டேன். ரியாக்டில் எழுதியபோது என் வரிகள் பெரிதும் குறையவில்லை. ஆனால் அக்கருவியின் நிரலும் சேர்ந்து படிப்பவரின் கைப்பேசிக்கு இறங்க வேண்டியிருந்தது. மதிப்பெண் பட்டியலுக்குப் பொருத்தமான கருவி ஊசலுக்கு மிகையாயிற்று.

படிப்பவர் யார்?

கருவியைத் தேர்வதற்கு முன் பக்கத்தைத் திறப்பவரை நினைக்க வேண்டும். நம் கல்லூரி மாணவர் பலர் விலை குறைந்த கைப்பேசியில், பேருந்தில், வலுவிழந்த அலைவரிசையில் படிப்பவர்கள். நிரல் வந்து சேராவிட்டாலும் பக்கம் வெறுமையாக நிற்கக் கூடாது. ஆகவே ஊசல் பக்கத்தில் சூத்திரத்தையும், 25 சென்டிமீட்டருக்கு 1.00 வினாடி, 100 சென்டிமீட்டருக்கு 2.01 வினாடி என்பது போன்ற சிறு அட்டவணையையும் எச்.டி.எம்.எல்.-இலேயே எழுதினேன். நீளம் நான்கு மடங்கானால் நேரம் இரு மடங்காகும் என்ற உண்மை அவ்வட்டவணையிலேயே விளங்கும். நிரல் வந்தால் ஊசல் ஆடும். வராவிட்டால் பாடமாவது கிடைக்கும்.

பார்வையற்ற மாணவரையும் நினைக்க வேண்டும். திரையிலுள்ளதை உரக்கப் படித்துக்காட்டும் மென்பொருளைக் கொண்டு அவர்கள் படிக்கிறார்கள். எச்.டி.எம்.எல்.-இல் முறையாகப் பொத்தான் என்று எழுதினால் அம்மென்பொருள் ‘பொத்தான்’ என்று அறிவிக்கும். விசைப்பலகையாலும் அதை அழுத்தலாம். வெறும் கட்டம் ஒன்றுக்கு வண்ணம் பூசிப் பொத்தான் போலக் காட்டினால் கண்ணுள்ளவருக்கு வேறுபாடு தெரியாது. பார்வையற்றவருக்கோ அங்கே பொத்தானே இல்லை. அதுபோலவே, படமாக வரைந்த ஊசல் அவருக்குப் புலப்படாது. ‘நீளம் 40 சென்டிமீட்டர், அலைவு நேரம் 1.27 வினாடி’ என்று எழுத்தாகவும் மாறிவரும் விடை அவர் செவியை எட்டும்.

நம் கடமை

புதிய கருவிகளைக் கற்க வேண்டாம் என்பது என் கருத்தன்று. வேலை தரும் நிறுவனங்கள் அவற்றைக் கேட்கின்றன. நாமும் கற்கத்தான் வேண்டும். ஆனால் ரியாக்டை முதலிலும் ஜாவாஸ்கிரிப்டைப் பின்னரும் கற்பவர், அக்கருவி வழக்கொழியும் நாளில் திரும்பவும் முதலிலிருந்து தொடங்க நேரும். மூன்று அடிப்படை மொழிகளை முதலில் கற்றவர் எக்கருவியையும் சில வாரங்களில் கைக்கொள்வார்.

ஒரு கருவியை எடுக்குமுன் மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொள்வோம். இக்கருவி இல்லாமலே இப்பக்கத்தைச் செய்ய முடியுமா? மிக எளிய கைப்பேசியிலும் இது திறக்குமா? இதை ஆக்கிய நிறுவனம் கைவிட்டால் நம் பக்கம் பிழைக்குமா?

நம் செய்முறைக் குறிப்பேடுகளில் ஊசல் மட்டுமன்று, லென்சின் குவியத்தூரம், ஓம் விதி, தாவரவியல் வகைப்பாடு, புள்ளியியல் வரைபடம் எனப் பக்கமாக்கத் தக்கவை ஏராளம் உள்ளன. பாடம் அறிந்த மற்றத் துறை நண்பர்களும் நிரல் அறிந்த எம் துறையினரும் இணைந்து, ஆளுக்கொரு சோதனையைத் தமிழில் ஆக்குவோமாயின், நமக்குப் பின் வரும் மாணவர் ஆய்வுக்கூடத்திற்குள் நுழையுமுன்பே கைப்பேசியில் ஒருமுறை அதைச் செய்து பார்த்திருப்பர். பேராசிரியப் பெருமக்கள் இம்முயற்சிக்கு வழிகாட்டுவார்களாக.