நட்டாற்றுத் தீவுக்கு எந்தத் துறையில் இறங்குவது?

வெண்ணந்தூரிலிருந்து மேற்கே, திருச்செங்கோட்டையும் தாண்டிப் போனால் காவிரி. ஆற்றின் நடுவே ஒரு பாறைத்திட்டில் நட்டாற்றீஸ்வரர் கோயில் இருக்கிறது. ஈரோடு பக்கத்துக் காங்கயம்பாளையத்திலிருந்து இப்போது பாலத்தில் நடந்தே போய்விடலாம். கிழக்கே நாமக்கல் கரையில் நிற்பவருக்கு நீர்வழிதான். பழைய பரிசலோ, இன்றைய இளைஞர்கள் விரும்பும் கயாக்கோ, எதில் ஏறினாலும் முதலில் தீர்மானிக்க வேண்டியது ஆற்றில் இறங்கும் இடத்தை.

கோயிலுக்கு நேர் எதிரே இறங்கினால் தூரம் குறைவு என்று கண் சொல்லும். அதை நம்பக் கூடாது. ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஆறு 300 மீட்டர் அகலம், சராசரியாக 3 மீட்டர் ஆழம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு கனஅடி என்பது சுமார் 28.3 லிட்டர். நொடிக்கு 10,000 கனஅடி தண்ணீர் போகும்போது நீரோட்டத்தின் வேகம் நொடிக்கு ஏறத்தாழ 0.3 மீட்டர். பரிசலை நொடிக்கு அரை மீட்டர் வேகத்தில் துழாவினால் ஆற்றின் நடுவை எட்ட 300 நொடி ஆகும். அதற்குள் ஆறு நம்மை 90 மீட்டருக்கு மேல் கீழே இழுத்துப் போயிருக்கும். ஆகவே துறை, தீவுக்கு அவ்வளவு தூரமாவது மேலே இருக்க வேண்டும். 30,000 கனஅடி வந்தால் ஆழமும் கூடும். ஆனாலும் நீரின் வேகம் துடுப்பின் வேகத்தை எட்டிவிடும், மிஞ்சவும் கூடும். அப்போது தீவைத் தவறவிட்டவர் எதிர்த்துத் துழாவித் திரும்பி வர முடியாது. நீர் தள்ளும் விசை வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது: வேகம் இரட்டித்தால் விசை நான்கு மடங்கு.

ஒகேனக்கல்லில் இதைக் கண்கூடாகப் பார்க்கலாம். நீர்வரத்து ஏறும்போது பரிசலுக்குத் தடை வருகிறது. கொஞ்சம் இறங்கியதும் வேறு துறையிலிருந்து மாற்றுப் பாதையில் அனுமதி கிடைக்கிறது. ஒரே ஆறு, ஒரே பரிசல். தண்ணீரின் அளவு மாறினால் துறையும் மாறியாக வேண்டும்.

ஆறு வளையும் இடத்தில் இன்னொரு விஷயம் நடக்கிறது. மேல்நீர் வேகமாக ஓடுவதால் வெளிவளைவுக் கரையில் போய் மோதி, கீழே இறங்கி, அடிப்பக்கமாக உள்வளைவை நோக்கித் திரும்புகிறது. வரும்போது மணலையும் கொண்டுவருகிறது. தேநீரைக் கலக்கிவிட்டால் இலைத்தூள் கோப்பையின் நடுவில் வந்து குவிவதற்கும் இதுவே காரணம் என்று 1926இல் ஐன்ஸ்டைன் ஒரு கட்டுரையில் விளக்கினார். இதனால்தான் வெளிவளைவு ஆழமாக அரித்துக் கிடக்கிறது, உள்வளைவில் மணல் சேர்ந்து தண்ணீர் நிதானமாகப் போகிறது. பரிசலை இறக்க உள்வளைவே நல்லது. ஆனால் நம் காவிரியில் இந்த விதியைக் கண்ணை மூடிக்கொண்டு நம்ப முடியாது. மணல் அள்ளிய குழிகள் முழங்கால் தண்ணீருக்குப் பக்கத்திலேயே ஆளை விழுங்கும் ஆழத்தில் கிடக்கின்றன. துறையைக் காலால் நடந்து, கழியால் ஆழம் பார்த்த பிறகே படகை இறக்க வேண்டும்.

தீவில் ஏறும் இடமும் முக்கியம். மேல்முனையில் தண்ணீர் பாறையில் மோதிப் பிளக்கிறது. அங்கே ஒதுங்க முயன்றால் படகைப் பாறையோடு சேர்த்து அழுத்திவிடும். கீழ்முனையில், பாறையின் மறைவில், நீர் மெதுவாகச் சுழன்று மேல்நோக்கித் திரும்பும். ஏறுவதற்கு அதுவே இடம். ஓடும் நீரும் சுழலும் நீரும் உரசும் கோட்டைக் கடக்கும்போது மட்டும் படகு ஒரு பக்கம் சாயும். பழகிய பரிசல்காரர் அந்த இடத்தில் யாரையும் எழுந்து நிற்க விடமாட்டார்.

இவை எல்லாம் ஆறு இயல்பாக ஓடும்போது. இந்தப் பகுதிக் காவிரி அப்படி ஓடுவதில்லை. 1934இல் முடிந்த மேட்டூர் அணைக்குக் கீழே செக்கானூர், நெரிஞ்சிப்பேட்டை, ஊராட்சிக்கோட்டை, ஓடப்பள்ளி, சோழசிராமணி என்று மின்சாரம் எடுக்கும் கதவணைகள் வரிசையாக நிற்கின்றன. கதவணைக்கு மேலே தண்ணீர் ஏரிபோல் அசையாமல் கிடக்கும். பூலாம்பட்டியிலிருந்து நெரிஞ்சிப்பேட்டைக்குப் படகு போவது அப்படித் தேங்கிய நீரில்தான். அந்த அமைதி கதவு திறக்கும் வரைதான். திறந்ததும் மேல்பக்கத்தில் இழுப்பு பிறக்கும், கீழ்பக்கத்தில் மட்டம் திடீரென ஏறும். கதவின் அடியில் விழும் நீர் சுருண்டு பின்னோக்கிப் புரளும். அதில் சிக்கியவர் நீச்சல் தெரிந்தவராக இருந்தாலும் வெளியே வருவது கடினம். எனவே கதவணையின் மேலேயோ கீழேயோ அருகில் உள்ள எந்த இடமும், எவ்வளவு வசதியாகத் தெரிந்தாலும், துறை ஆகாது.

கடலில் இந்தச் சிக்கல் வேறு மாதிரி. அமெரிக்காவின் பாஸ்டன் துறைமுகத் தீவுகளுக்குக் கயாக்கில் போகிறவர்கள் சுமார் 3 மீட்டர் ஏற்றவற்றத்தைக் கணக்கில் எடுக்க வேண்டும். காலையில் இறங்கிய கரை மாலையில் சேறாகிக் கிடக்கலாம். ஆனால் அந்த ஏற்றவற்றத்தைச் சந்திரனும் சூரியனும் நடத்துகின்றன. அடுத்த ஆண்டுக்கான அட்டவணையைக்கூட இன்றே அச்சிட்டுவிடலாம். தூத்துக்குடியில் ஏற்றவற்றம் ஒரு மீட்டருக்கும் குறைவு. அங்கே காற்றும் அலையும்தான் பெரிய கவலை. மன்னார் வளைகுடாத் தீவுகள் தேசியப் பூங்கா என்பதால் நினைத்தபடி போய் இறங்கவும் முடியாது.

நம் ஆற்றின் ஏற்றவற்றத்தை நடத்துவது கதவு திறக்கும் உத்தரவு. 2018 ஆகஸ்டில் மேட்டூரிலிருந்து ஒரு லட்சம் கனஅடிக்கும் மேல் திறந்தபோது துறை என்று சொல்ல எதுவுமே மிஞ்சவில்லை. மேட்டூரில் திறக்கும் அளவு தினமும் செய்தியில் வருகிறது. அந்த எண்ணையும், மேலே உள்ள கதவணையில் அன்று தண்ணீர் விடும் நேரத்தையும் ஒவ்வொரு பரிசல் துறையிலும் ஒரு கரும்பலகையில் எழுதி வைக்க வேண்டும். ஆடிப்பெருக்குக் கூட்டம் வருவதற்கு முன்பே இது நடக்க வேண்டும். அதுவரை போகிறவர்கள் திரும்பும் கணக்கையும் சேர்த்தே போட வேண்டும்: போகும்போது 90 மீட்டர் இழுத்த ஆறு, வரும்போதும் அவ்வளவு இழுக்கும். கரையேறும் இடம் தீவுக்குக் கீழே இருக்கும். அங்கே சரிவான, பாறை இல்லாத கரை இருக்கிறதா என்று புறப்படும் முன்பே போய்ப் பார்த்துவிட வேண்டும்.